நடுவில் வைத்தால் மறைவது

ஜூலை 8, செவ்வாய்

விலங்கியல் முதலாம் ஆண்டுக்கு இன்று நுண்ணோக்கி வகுப்பு. ஒவ்வோர் ஆண்டும் இதைத்தான் முதலில் எடுப்பேன். மண்புழுவும் கரப்பானும் பிறகுதான். மேசைக்கு ஒன்றாக, அடியில் கண்ணாடி வைத்த பழைய ஒற்றைக்குழல் நுண்ணோக்கிகள். எந்த இடத்தில் பிடித்துத் தூக்குவது, எங்கே கை கொடுத்துத் தாங்குவது என்பதிலேயே பாதி நேரம் போய்விட்டது. பிறகு கண் வைக்கும் ஐபீஸ், கீழே சுழலும் தட்டில் சிறிதும் பெரிதுமாய் அப்ஜெக்டிவ் லென்சுகள், ஸ்லைடு வைக்கும் மேடை, மேடைக்கு அடியில் வெளிச்சத்தைக் குவிக்கும் கண்டன்சர். முதலில் பெரிய திருகு, அப்புறம் சின்னத் திருகு. பெரிய லென்சை வைத்துக்கொண்டு பெரிய திருகைத் திருகி ஒருவன் ஸ்லைடை நொறுக்கினான். வருஷத்துக்கு ஒருவன் உண்டு.

கடைசியில் அழுக்கைக் கண்டுபிடிக்கும் பாடம். பார்க்கும் வட்டத்தில் ஒரு கரும்புள்ளி தெரிகிறது, அது எங்கே இருக்கிறது? ஸ்லைடை நகர்த்து. புள்ளியும் நகர்ந்தால் அது ஸ்லைடில். ஐபீஸைத் திருப்பு. புள்ளி சுற்றினால் ஐபீஸில். அப்ஜெக்டிவை மாற்று. மறைந்தால் அப்ஜெக்டிவில்.

"எதுக்குமே அசையலன்னா மேடம்?" என்று கடைசி பெஞ்சிலிருந்து ஒரு பெண் கேட்டாள்.

"கண்டன்சர இறக்கிப் பாரு" என்றேன்.

ஜூலை 13, ஞாயிறு

சர்ச்சில் பூசை முடிந்து வந்து லியோனுக்குத் தேநீர் ஊற்றினேன். டம்ளருக்கு வெளியே போயிற்று. பேச்சுக் கொடுத்துக்கொண்டே ஊற்றினால் இப்படித்தான்.

சமையலறை ஜன்னல் கம்பி ஒன்று நடுவில் வளைந்திருக்கிறது. வெல்டிங் கடைக்காரரிடம் சொல்ல வேண்டும். லியோன் வந்து பார்த்துவிட்டு, "நேராத்தான இருக்கு ஜெசி" என்றார். துறைமுகத்தில் நாள் முழுக்கக் கப்பல் சரக்கு பார்க்கிறவர் என் வீட்டுக்காரர். வீட்டில் இருப்பது மட்டும் கண்ணில் படாது.

ஜூலை 30, புதன்

என் பட்டியல் பாதி முடிந்திருக்கிறது. நம் கரையோரக் கடலில் மிதந்து திரியும் சிற்றுயிர்கள், ஒவ்வொன்றுக்கும் என் கையால் வரைந்த படத்தோடு. ஓய்வு பெறுவதற்குள் முடித்துவிட வேண்டும் என்பது ஆசை.

உலகு இன்றும் கேமரா பேச்சை எடுத்தாள். உலகம்மாள் என்பது முழுப்பெயர், எங்கள் துறையில் இளையவள். புதிதாய் வந்த நுண்ணோக்கியில் கேமரா இருக்கிறது. நிறமே இல்லாத உயிரிகூட அதில் விளிம்பு கட்டினாற்போல் எடுப்பாகத் தெரியும். "படம் எடுத்து ஸ்கிரீன்ல போட்டா எல்லாரும் பாக்கலாம் மேடம்" என்றாள். எல்லோரும் பார்ப்பது வேறு, ஒருவர் உற்றுப் பார்ப்பது வேறு என்று சொன்னேன். எனக்கு என் இரட்டைக்குழல் போதும். அதிலும் மாணவியாக ஒற்றைக்குழலில் பழகிய வழக்கத்தில் வலது கண்ணால் மட்டும்தான் பார்ப்பேன். இடது கண் சும்மா திறந்திருக்கும், மனம் அதை வாங்கிக்கொள்ளாது.

ஆகஸ்ட் 12, செவ்வாய்

வட்டத்தின் நடுவில் ஒரு மங்கல். சில நாளாகவே இருக்கிறது. ஸ்லைடை நகர்த்தினேன், மங்கல் நகரவில்லை. ஐபீஸைத் திருப்பினேன், சுற்றவில்லை. அப்ஜெக்டிவ் நான்கையும் மாற்றிப் பார்த்தேன், அப்படியேதான் இருந்தது. கண்டன்சரில் பூஞ்சை படிந்திருக்க வேண்டும். உப்புக் காற்று எதையும் விடாது. கழற்றி லென்ஸ் தாளால் துடைத்து வைத்திருக்கிறேன்.

ஆகஸ்ட் 13, புதன்

மங்கல் கண்டன்சரில் இல்லை.

மழை வரும்போல் இருக்கிறது. மாடியில் துணி கிடக்கிறது.

ஆகஸ்ட் 20, புதன்

உலகுவைக் கூப்பிட்டு என் நுண்ணோக்கியில் பார்க்கச் சொன்னேன். நிதானமாகப் பார்த்தாள்.

"புள்ளி ஒண்ணும் இல்லையே மேடம். நல்ல கிளியரா இருக்கு."

"வெளிச்சம் மாறியிருக்கும்."

அவள் ஐபீஸிலிருந்து நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். "கண் டாக்டர்ட்ட ஒருதடவ காட்டிருங்களேன்."

மூக்குக்கண்ணாடியின் பவர் மாறியிருக்கும். செமஸ்டர் விடுமுறையில் பார்த்துக்கொள்ளலாம். இந்த மாதம் வகுப்பு அதிகம்.

செப்டம்பர் 18, வியாழன்

எங்கள் ஊர் முத்தாந்துறையிலிருந்து அமலோற்பவம் மதினி பேசினாள். அண்ணன் தவறிய பிறகு அவள் கடலோரத்தில் மட்டிச் சிப்பி பொறுக்கி விற்றுத்தான் இரண்டு பிள்ளைகளையும் கரையேற்றினாள். அவளோடு ஊர்ப் பெண்கள் பலர் அந்த வேலைக்குப் போகிறார்கள்.

"கடத்தண்ணி ஒரு மாரி பச்சையா, கொழகொழன்னு கெடக்கு ஜெசி. ரெண்டு நாளா ஒருத்தியும் எறங்கல. மட்டிய எடுக்கலாமா கூடாதான்னு யாருக்கும் தெரியல. நீ பாத்துச் சொன்னா போதும்ங்காளுவ."

அரசு ஆய்வகத்துக்கும் தண்ணீர் போயிருக்கிறதாம், முடிவு வர நாளாகும். நாளைக்கே பாட்டிலில் கொடுத்தனுப்பச் சொன்னேன். நான் சொன்னால் போதும் என்கிறார்கள். மனசுக்குள் ஒரு பெருமை வராமல் இல்லை.

செப்டம்பர் 20, சனி

உலகு சொந்த ஊரான சங்கரன்கோவிலுக்குப் போயிருக்கிறாள். துறையில் நான் மட்டும்தான்.

முதலில் பூச்சி அறுத்துப் பார்க்கும் நுண்ணோக்கியில், அதிகம் பெரிதாக்காமல், பாட்டில் நீரை ஒரு தட்டில் ஊற்றிப் பார்த்தேன். உருண்டை உருண்டையாய்க் கண்ணாடி மணிகள், ஒவ்வொன்றுக்கும் ஒரு சிறு வால், உள்ளே பச்சை. நாக்டிலூகா என்னும் கடல் சிற்றுயிர். தண்ணீரின் பச்சைக்குக் காரணம் இதுதான். இது தின்பவரைக் கொல்லும் வகை அல்ல.

பிறகு ஒரு சொட்டை இரட்டைக்குழலில் வைத்துப் பெரிய அப்ஜெக்டிவில் பார்த்தேன். ஓரத்தில் ஏதோ சங்கிலிபோல் தெரிந்தது. நடுவுக்குக் கொண்டுவந்தேன். ஒன்றுமில்லை. மறுபடியும் ஓரத்தில் ஒன்று. நடுவுக்குக் கொண்டுவந்தால் அதுவும் இல்லை. சொட்டின் மேல் மூடிய கவர்ஸ்லிப் கண்ணாடிக்கு அடியில் மாட்டிக்கொண்ட காற்றுக் குமிழியாக இருக்கும், ஸ்லைடை நகர்த்தும்போது ஓடிவிடும். கண் வலித்தது. ஸ்லைடைக் கழுவினேன், மீதி நீரில் கெடாமலிருக்க ஃபார்மலின் விட்டு அலமாரியில் வைத்தேன்.

மதினியிடம் பேசினேன். "பயப்படாண்டாம் மதினி, எடுக்கலாம், தின்னலாம்."

"அப்பாடி. இப்பவே போய் எல்லார்ட்டயும் சொல்லுதேன்" என்றாள்.

செப்டம்பர் 22, திங்கள்

காலையில் பாடம் நடத்திக்கொண்டிருந்தபோது லியோன் கல்லூரிக்கே வந்துவிட்டார். மதினியையும் இன்னும் இரண்டு பெண்களையும் பெரியாஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறார்கள். நேற்று மதியம் மட்டி சமைத்துச் சாப்பிட்டிருக்கிறார்கள். சாயங்காலம் உதடு மரத்துப்போய், வாந்தி. ரூபி என்கிற பெண்ணுக்கு மூச்சு விட முடியவில்லை, மெஷினில் வைத்திருக்கிறார்கள். கைப்பிள்ளைக்காரி.

மட்டி கெட்டுப்போயிருந்தாலும் இப்படி ஆகும் என்று லியோனிடம் சொன்னேன்.

செப்டம்பர் 23, செவ்வாய்

உலகு வந்ததும் அலமாரியிலிருந்த பாட்டிலை எடுத்துக் கொடுத்தேன். "நீ பாரு" என்று மட்டும் சொன்னேன்.

கேமரா வைத்த நுண்ணோக்கியில் ஸ்லைடை வைத்தாள். திரையில் நான்கு நான்காய், சில இடத்தில் எட்டு எட்டாய், ஒன்றோடொன்று ஒட்டிய செல்கள். சங்கிலிகள். ஒன்றிரண்டு அல்ல, பார்க்கும் இடமெல்லாம்.

"அலெக்சாண்ட்ரியம் மாதிரி இருக்கு மேடம். மட்டி இதத் தின்னும், அதுக்கு ஒண்ணும் ஆகாது. அதத் தின்ன நமக்குத்தான். எவ்வளவு வேகவச்சாலும் வெஷம் போகாது." பிறகு மெதுவாகக் கேட்டாள். "சனிக்கிழம இது தெரியலயா?"

அவளை எழுந்திருக்கச் சொல்லிவிட்டு நான் உட்கார்ந்தேன். அவள் வைத்த ஸ்லைடையே ஐபீஸ் வழியாக வலது கண்ணால் பார்த்தேன். ஓரத்தில் சங்கிலி. நடுவுக்குக் கொண்டுவந்தேன். இல்லை. தலையைத் தூக்காமல் இடது கண்ணை வைத்தேன். வட்டத்தின் நடுவில், வரைந்து வைத்ததுபோல், நான்கு செல்.

உலகு உடனே மீன்வளத்துறைக்கும் ஆஸ்பத்திரிக்கும் பேசினாள். என்ன விஷம் என்று தெரிந்தது டாக்டர்களுக்கு உதவியாக இருந்ததாம். முத்தாந்துறையில் மட்டி எடுக்கத் தடை போட்டார்கள்.

கண்டன்சரில் ஒன்றும் இல்லை என்று ஆகஸ்டிலேயே எழுதியிருக்கிறேன். அதற்கு அடுத்த வரியில் துணி எடுப்பதைப் பற்றி எழுதியிருக்கிறேன்.

செப்டம்பர் 24, புதன்

ஆஸ்பத்திரிக்குப் போனேன். ரூபிக்கு இன்று காலை குழாயை எடுத்துவிட்டார்கள், தானாக மூச்சு விடுகிறாள். கண்ணாடிக் கதவுக்கு வெளியே அவள் மாமியார் பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அவர் முகத்தைப் பார்க்காமல் கடந்து போய்விட்டேன்.

மதினி பெண்கள் வார்டில், சுவரோரக் கட்டிலில் இருந்தாள்.

"வெரலெல்லாம் இன்னும் எறும்பு ஊருத மாரி இருக்கு. வா, இரி."

"மதினி, தின்னலாம்னு நாந்தான் சொன்னேன்."

"நீ சொன்னதுனாலதான தின்னோம்."

குற்றம் சொல்லும் குரலில்கூட இல்லை. நடந்ததைச் சொன்னாள், அவ்வளவுதான்.

"எனக்குக் கண்ணு சரியாத் தெரியல மதினி. வலது கண்ணுல நடுவுல ஒண்ணுமே தெரியல. அதான் தண்ணில கெடந்தது எனக்குத் தட்டுப்படல."

"எப்ப இருந்து?"

"ரெண்டு மாசத்துக்கு மேல."

"தெரியலன்னா தெரியலன்னு சொல்ல வேண்டியதுதானட்டி. ஒன்ன யாரு என்ன சொல்லப்போறா? ஒரு வார்த்த சொல்லிருந்தா ரெண்டு நாள் பட்டினி கெடந்துட்டுப் போயிருப்போம்." சொல்லிவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். திரும்பவில்லை.

செப்டம்பர் 26, வெள்ளி

கண் மருத்துவர் கட்டம் போட்ட ஒரு தாளைக் காட்டினார். இடது கண்ணுக்குக் கோடுகள் நேராக இருந்தன. வலது கண்ணுக்கு நடுவில் எல்லாம் உள்வாங்கி வளைந்து, மையத்தில் ஒரு கட்டமே இல்லை. ஸ்கேன் எடுத்தார்கள். விழித்திரையின் நடுவில் ஓட்டை.

"கோடெல்லாம் வளைஞ்சு தெரிஞ்சிருக்குமே, எப்ப இருந்து?"

"ஜூலை" என்றேன்.

"அப்பவே வந்திருக்கலாம்மா. இப்பவும் ஆபரேஷன் பண்ணலாம். ஓட்டை மூடும். பார்வை எவ்வளவு திரும்பும்னு சொல்ல முடியாது."

வெளியே வந்து வண்டியை எடுக்காமல் லியோன் நின்றுகொண்டே இருந்தார். "ஜன்னல் கம்பி வளைஞ்சிருக்குன்னு சொன்னல்லா, அன்னைக்கே எனக்குத் தோணிருக்கணும்" என்றார். அவர் சட்டைக் கையைப் பிடித்துக்கொண்டேன். தெருவில் நின்று இருவரும் அழுதோம், இந்த வயசில்.

செப்டம்பர் 28, ஞாயிறு

முத்தாந்துறைக்குப் பூசைக்குப் போனேன். போகாண்டாம் என்று லியோன் சொன்னார், பிறகு அவரும் வந்தார். பூசை முடிந்து கோயில் வாசலில் ஆட்கள் நின்றபோது, ஊர்க் கமிட்டித் தலைவரிடம் கேட்டுவிட்டு நடந்ததைச் சொன்னேன். கண்ணைப் பற்றி, ஓரத்தில் பார்த்ததைப் பற்றி, யாரையும் கேட்காமல் முடிவு சொன்னதைப் பற்றி.

ரூபியின் புருஷன் முன்னால் வந்தான். "படிச்சவிய சொன்னா சரியா இருக்கும்னு நம்புனோம். எம்பொண்டாட்டி செத்திருந்தா இப்பிடி வந்து நின்னு சொல்லுவியளா?"

கேட்டுக்கொண்டு நின்றேன்.

"இனிமே நீங்க ஒண்ணும் பாக்க வேண்டாம்" என்றது கூட்டத்தில் ஒரு பெண்குரல். தடை நீங்கும்வரை அவர்களுக்கு வேலையும் கிடையாது. மதினி கூட்டத்தின் பின்னால், முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு நின்றாள். எனக்காக ஒரு வார்த்தை பேசவில்லை. பேசியிருந்தால்தான் எனக்குத் தாங்கியிருக்காது.

அக்டோபர் 7, செவ்வாய்

நேற்று ஆபரேஷன். கண்ணுக்குள் வாயுவை நிரப்பியிருக்கிறார்கள். அந்தக் குமிழி மேலே எழும்பி ஓட்டையை அழுத்திப் பிடிக்க வேண்டுமாம். அதற்காக ஒரு வாரம் முகம் கவிழ்ந்தே இருக்க வேண்டும். சாப்பாடு, தூக்கம், ஜெபம் எல்லாம் தரையைப் பார்த்து. குனிந்து செய்ய முடிகிற ஒரே வேலை எழுதுவது. முக்காலியில் நோட்டு, இடது கண்.

அக்டோபர் 8, புதன்

எங்கள் வீட்டுத் தரையில் இவ்வளவு கீறல் இருப்பது தெரியாது. லியோன் மீன்குழம்பு வைத்தார். உப்பு இல்லை. நன்றாக இருக்கிறது என்றேன்.

அக்டோபர் 9, வியாழன்

கழுத்து விண்விண் என்று தெறிக்கிறது.

அக்டோபர் 11, சனி

கட்டு எடுத்த கண்ணில் குமிழி தெரிகிறது. கறுத்த விளிம்போடு உருண்டையாக, நான் அசைந்தால் அதுவும் அசைகிறது. கவர்ஸ்லிப்பைச் சரியாகச் சாய்க்காமல் வைத்தால் உள்ளே மாட்டும் காற்றுக் குமிழி அப்படியே இதுபோல்தான் இருக்கும். மாணவர்கள் அதைத்தான் செல் என்று வரைந்துகொண்டு வருவார்கள். எத்தனை நோட்டில் அடித்திருக்கிறேன், எத்தனை முறை சிரித்திருக்கிறேன்.

நான் செல்லைக் குமிழி என்றேன். அந்தப் பிள்ளைகளுக்குத் தெரியாது, அதனால் தப்பாக வரைந்தார்கள். எனக்குத் தெரியும். நடுவில் மறைந்து ஓரத்தில் திரும்பி வருவது குமிழி அல்ல என்று எனக்கு அன்றைக்கே தெரியும். உலகுவுக்கு ஒரு போன் போட்டிருந்தால் போதும். போடாததற்குக் கண் காரணம் இல்லை. இரண்டாவது ஆள் பார்த்தால் என்ன தெரியவரும் என்பதுதான் காரணம். பட்டியல், படங்கள், ஜெசிந்தா மேடம் பார்த்தால் போதும் என்ற பேச்சு எல்லாம் போய்விடும் என்று பயந்தேன். இதை எழுத ஐந்து நாள் தலைகுனிந்து கிடக்க வேண்டியிருந்தது.

நவம்பர் 17, திங்கள்

குமிழி சுருங்கி மிளகளவாகி, நேற்று காணாமல் போயிற்று. ஓட்டை மூடிவிட்டது. வலது கண்ணில் முகங்கள் தெரிகின்றன, ஆனால் எழுத்து தெரியவில்லை. இதற்கு மேல் அதிகம் எதிர்பார்க்க வேண்டாம் என்றார் மருத்துவர்.

இன்று கல்லூரிக்குப் போனேன். இடது கண்ணால் நுண்ணோக்கி பார்க்கப் பழகுகிறேன். இடது கையால் சாப்பிடுவதுபோல் இருக்கிறது. பட்டியலின் மீதிப் படங்களை உலகு கேமராவில் எடுக்கட்டும் என்று சொல்லிவிட்டேன். "ரெண்டு பேர் பேரும் போடணும்" என்றேன். அவள், "முதல்ல முடிப்போம் மேடம்" என்றாள்.

டிசம்பர் 4, வியாழன்

தடை நீங்கிப் பத்து நாளாகியும் முத்தாந்துறைப் பெண்கள் ஒருவரும் கடலில் இறங்கவில்லையாம். மதியம் மதினி துறை வாசலில் வந்து நின்றாள், கையில் ஒரு பாட்டில் தண்ணீர். செப்டம்பருக்குப் பிறகு இப்போதுதான் பார்க்கிறோம்.

"நானே பாக்கணும்" என்றாள்.

முதலில் உலகு பார்த்தாள், பிறகு நான், ஒருவரிடம் ஒருவர் சொல்லாமல். இரண்டு பேரும் எழுதியது ஒத்துப்போனது. அப்புறம் மதினியை ஸ்டூலில் உட்கார வைத்தேன். அவள் கையை எடுத்துச் சின்னத் திருகில் வைத்தேன்.

"ஆத்தாடி, ஓடுதே! ஊசி மாரி ஒண்ணு, கண்ணாடிப் பெட்டி மாரி ஒண்ணு..." திருகைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "இதுல எது ரூபியப் போட்டது?"

"இதுல அது இல்ல மதினி."

"அதக் காட்டு."

உலகு செப்டம்பர் படத்தைத் திரையில் போட்டாள். மதினி எழுந்து கிட்டத்தில் போய் நின்றாள்.

"பாசிமணி கோத்த மாரில்லா இருக்கு. இதயா நீ பாக்கல?"

"ஓரத்துல பாத்தேன். நடுவுக்குக் கொண்டுவந்ததும் மறஞ்சிட்டு."

"மறஞ்சா ஒருத்தரக் கூப்ட வேண்டியதுதான?"

"கூப்ட்டிருக்கணும்."

அவள் முக்காட்டைச் சரிசெய்துகொண்டு கிளம்பினாள். போகும்போது வாசலில் நின்று, "ரூபியும் வரணும்ங்கா. அவ வாயி சும்மா இருக்காது. கேட்டுக்க" என்றாள்.

டிசம்பர் 9, செவ்வாய்

ரூபி வந்தாள், இடுப்பில் பிள்ளையோடு. அவளை நேருக்கு நேர் பார்ப்பது இதுதான் முதல் முறை. சின்னப் பெண். நான் சொல்ல வைத்திருந்ததைத் தொடங்கியபோது, "கோயில் வாசல்ல சொன்னியளாமே, சொன்னாவ" என்று நிறுத்திவிட்டாள்.

பிள்ளையை வாங்கிக்கொள்ளக் கை நீட்டினேன். தரவில்லை, உலகுவிடம் கொடுத்தாள். நுண்ணோக்கியில் வெகுநேரம் பார்த்தாள். உலகுவிடம் மட்டுமே கேள்வி கேட்டாள். மெஷினில் இருந்தபோது எல்லோரும் பேசுவது காதில் விழுந்ததாம், விரலைக்கூட அசைக்க முடியவில்லையாம். அதைச் சொல்லும்போது மட்டும் என் பக்கம் திரும்பிச் சொன்னாள். நான் கண்ணை எடுக்காமல் கேட்டேன்.

பிள்ளையை வாங்கி இடுப்பில் வைத்துக்கொண்டு வாசல்வரை போனவள் திரும்பி வந்தாள். பையிலிருந்து ஒரு பாட்டிலை எடுத்து என்னிடம் நீட்டினாள்.

"காலைல கடல்ல மோந்தது. நாளைக்கு எறங்கலாம்னு இருக்கோம். ரெண்டு பேரும் பாத்துட்டுச் சொல்லுங்க."

"சரிம்மா."

"ரெண்டு பேரும்" என்று மறுபடியும் சொல்லிவிட்டுப் போனாள்.

பாட்டிலின் மேல் தேதியை எழுதினேன். மூடியைத் திறக்கும் முன் உலகுவைக் கூப்பிட்டேன்.